டோக்கனா, நேரப் பதிவா, வாட்ஸ்அப்பா? செட்டிநாட்டு கிளினிக்குக்கு ஒத்துவருவது எது

ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், முன்னறையில் ஒரு பெண், காலையில் 40 பேர், சாயங்காலம் 30 பேர். காரைக்குடிப் பக்கம் இந்த அளவில் ஒரு கிளினிக் என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர்களை வரிசைப்படுத்த, பதிவுகளை வைக்க, மறுபடி வரச்சொல்லி நினைவூட்ட என்று ஆளுக்கொரு மென்பொருளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்கும் முன் இந்த ஊர்ப் பக்கத்துச் சங்கதி ஒன்றைப் பார்க்க வேண்டும். இங்கே நோய் ஒருவருக்கு, போன் இன்னொருவர் கையில். ஆச்சி கானாடுகாத்தானில் இருப்பார், டாக்டரிடம் நேரம் கேட்பது சிங்கப்பூரில் இருக்கும் மகன். எந்த ஏற்பாடும் இந்த இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்பதுதான் முதல் சோதனை.

வரிசை

டோக்கன் பழசு, செலவில்லாதது, பள்ளத்தூரிலிருந்தும் புதுவயலிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவருக்கும் சட்டென்று புரிவது. அதன் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. விடிகாலையில் ஒருவரே வந்து அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து நாலு டோக்கன் போட்டுவிட்டுப் போவார். நாலில் இரண்டு பேர் வரவே மாட்டார்கள். வந்து உட்கார்ந்தவருக்கோ தன் முறை எப்போது என்று தெரியாது, டவுன் பஸ் போய்விடுமே என்ற கவலை வேறு. கோபம் பாதி காத்திருப்பதால் வருகிறது, பாதி எவ்வளவு நேரம் என்று தெரியாததால் வருகிறது.

இரண்டாவது பாதியை ஒரு வாரத்தில் சரிசெய்யலாம். ஒவ்வொருவரும் உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் ஆறு நாள் குறித்துச் சராசரி எடுங்கள். 6 நிமிடம் என்று வந்தால், 9.30-க்குத் தொடங்கும் கிளினிக்கில் 31-ஆம் டோக்கனின் முறை 12.30 வாக்கில். வராமல் போகிறவர்களைக் கழித்து, டோக்கனில் ‘12.00-க்கு வரவும்’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு ஆளுக்கு இரண்டு டோக்கனுக்கு மேல் கிடையாது, அதுவும் நோயாளியின் பெயர், வயதோடு. ரிப்போர்ட் காட்ட மட்டும் வருகிறவருக்கு வேறு நிற டோக்கன்: நாலு பேருக்கு ஒருவர் என இடையில் விடலாம். அவருக்கு இரண்டு நிமிடம் போதும், 35 பேருக்குப் பின்னால் உட்காரவைப்பதில் அர்த்தமில்லை. தெரிந்தவர், பெரிய வீட்டு ஆள் என்று நடுவில் நுழைப்பதை வரிசை மன்னிக்காது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ என்றால், “இவருக்கு அவசரம், அடுத்தது நீங்கதான்ணே” என்று வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னால் யாரும் முணுமுணுப்பதில்லை.

சர்க்கரை நோயாளிக்குத்தான் டோக்கன் அடிக்கடி தடுக்கும். வெறும் வயிற்றில் 7.30-க்கு ரத்தம் கொடுக்கிறார், 8.00-க்குச் சாப்பிடத் தொடங்குகிறார், இரண்டாவது ரத்தம் 10.00-க்கு. சாப்பிடத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் என்பதுதான் கணக்கு, சாப்பிட்டு முடித்ததிலிருந்து அல்ல. முடிவு வர 10.45 ஆகும். இவருக்கு 5-ஆம் டோக்கன் கொடுத்தால் பாதி ரிப்போர்ட்டோடு உள்ளே போவார், திரும்பவும் ஒருமுறை வருவார். அதனால் சர்க்கரைக்காரர்களுக்கு 10.45-க்குப் பிந்திய எண்களைத் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி மட்டும் பார்ப்பதென்றால் பட்டினியே தேவையில்லை. இதைச் சொல்லாமல் விட்டு, வயதானவரைக் காபி கூடக் குடிக்காமல் பஸ்ஸில் வரவைப்பது வீண் வதை.

போனில் நேரம் பதிவது சாயங்காலத்துக்குப் பொருந்தும், காலைக்குப் பொருந்தாது. பஸ்ஸை நம்பி வருகிறவரிடம் 10.20 என்றால் அவர் 8.30-க்கே வந்து உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வருவது பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள், சொந்த வண்டிக்காரர்கள். 15 நிமிடத்துக்கு இருவர் என்று போட்டு, ஒவ்வொரு நாலாவது இடத்தையும் காலியாக விடுங்கள். நிரப்பிவிட்டால் ஒரே ஒரு நீண்ட ஆலோசனை அன்றைய மாலை முழுவதையும் சாய்த்துவிடும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் போன் செய்வது இந்த வகையில்தான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, ‘ஆறு மணி’ என்றால் யாருடைய ஆறு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மகன் பதிந்துவிட்டு அம்மாவிடம் சொல்ல மறப்பதும் சகஜம். பதிந்தவர் எண், வருகிறவர் எண் என்று நோட்டில் இரண்டு கட்டம் இருக்கட்டும், மதியமே இரண்டாவது எண்ணுக்கு ஒரு அழைப்பு போகட்டும்.

வாட்ஸ்அப் பதிவு கேட்க அழகாக இருக்கிறது. இரவு 11 மணிக்கு ‘நாளை டோக்கன் வேணும்’ என்று வரும் செய்தியோடு ‘நெஞ்சு எரியுது’ என்றும் வரும், இரண்டையும் காலை வரை யாரும் பார்க்க மாட்டார்கள். தானியங்கிப் பதிலில் கிளினிக் நேரமும், அவசரத்துக்கு 108 என்பதும் கட்டாயம் இருக்க வேண்டும். மருந்து கேட்டு வரும் செய்திக்கு முன்னறைப் பெண் பதில் எழுதக் கூடாது. தொலைமருத்துவத்துக்கு 2020 மார்ச்சிலேயே தனி வழிகாட்டுதல் வந்திருக்கிறது, மருந்து எழுத வேண்டியது பதிவுபெற்ற மருத்துவர்தான்.

எங்கள் தேர்வு: காலைக்கு நேரம் எழுதிய டோக்கன், சாயங்காலத்துக்குப் போன் பதிவு, வாட்ஸ்அப் ரிப்போர்ட்டுக்கு மட்டும். தை மாதத்தில் பழனிப் பாதயாத்திரைக்கு முன் ஒரு வாரம் மட்டும், யாத்திரை போகும் சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் பார்க்கச் சாயங்காலத்தில் தனி நேரம் ஒதுக்கலாம். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது தெரியாமலே நடப்பார்கள்.

பதிவுகள்

நோயாளி கையிலேயே நோட்டுக் கொடுப்பது, கிளினிக்கில் அட்டை வைப்பது, கணினி என மூன்று வழி. மதுரைக்கோ திருச்சிக்கோ பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும்போது கை கொடுப்பது நோட்டுதான். ஆனால் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். அதற்குள் ஒட்டிய ஈசிஜி வெப்பத்தாளில் அச்சானதாக இருந்தால் நாளடைவில் மங்கி வெள்ளைத்தாளாகிவிடும், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்ப்பது நல்லது.

கிளினிக்கில் வைக்கும் அட்டையானாலும் கணினியானாலும் பெயரை வைத்துத் தேடுவது இந்த ஊரில் ஆபத்து. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், ஒன்றுவிட்ட தலைமுறைகளில் இனிஷியலோடு சேர்த்தே பெயர் ஒன்றாகிவிடும். சிதம்பரத்தின் மகன் பழனியப்பன், அவர் மகன் சிதம்பரம், அவர் மகன் மறுபடி பழனியப்பன். வீட்டு விலாசமும் ஒன்று, கதவிலக்கமும் ஒன்று, சில வீடுகளில் போன் எண்ணும் ஒன்று. பென்சிலின் ஒவ்வாமை தாத்தாவுக்கா பேரனுக்கா? பிறந்த ஆண்டையும் கிளினிக்கின் சொந்த வரிசை எண்ணையும் அட்டையின் தலையில் பெரிதாக எழுதுங்கள். ஊசி போடும் முன் “உங்க பேர் சிதம்பரம்தானே?” என்று கேட்டால் இருவருமே தலையாட்டுவார்கள். “எந்த வருஷம் பிறந்தீங்க?” என்று கேட்க வேண்டும். அரசின் சுகாதாரக் கணக்கு எண்ணான 14 இலக்க ஆபா எண் வைத்திருப்பவரிடம் அதையும் வாங்கிக்கொள்ளலாம், அது ஆளுக்கு ஒன்று.

முழுக் கணினி என்றால் டாக்டரின் கண் திரையிலேயே நிற்கும், பேசுகிறவருக்குத் தன்னைப் பார்க்கவில்லை என்ற மனக்குறை வரும். எண், வருகைத் தேதி, நோய், ஒவ்வாமை, மருந்து ஆகியவற்றை மட்டும் கணினியில் ஏற்றி, மற்றதைக் கையால் எழுதிப் படமெடுத்துச் சேர்ப்பது நடைமுறைக்கு ஏற்றது. மென்பொருள் விற்க வருகிறவரிடம் ஒரு கேள்வி: சந்தாவை நிறுத்தினால் என் நோயாளிகளின் பதிவு முழுவதையும் எக்செல்லாக இறக்கிக்கொள்ள முடியுமா? பதில் மழுப்பலாக வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடலாம்.

நினைவூட்டல்

மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, அதற்கென்று இருக்கும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும் வாசகத்தையும் முன்கூட்டியே பதிய வேண்டும், இந்த அளவு கிளினிக்குக்கு அது அதிக வேலை. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலில் 256 பேருக்குத்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச்சேரும். பலர் இது தெரியாமல், அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். குழு தொடங்குவது அறவே கூடாது, ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும்.

ஆள் கூப்பிடுவதுதான் ஜெயிக்கிறது. நாளுக்கு 20 அழைப்பு, தலைக்கு 2 நிமிடம், மொத்தம் 40 நிமிடம். மதியத் தூக்க நேரத்தில் வேண்டாம், காலை 11 மணி நல்லது. “ஆச்சி, வியாழக்கிழமை பிரஷர் பாக்கணும், மாத்திரை இன்னும் எத்தனை இருக்கு?” என்று கேட்டால், விட்டுவிட்டு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதும் எண்ணிக்கையில் தெரிந்துவிடும்.

ரிப்போர்ட்டை யாருக்கு அனுப்புவது என்பதை முதல் வருகையிலேயே நோயாளியிடம் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணம் கட்டுவது மகன் என்பதால் அம்மாவின் ரிப்போர்ட் அவருக்கு உரிமையாகிவிடாது. மருமகளின் கர்ப்பப் பரிசோதனை முடிவு வீட்டுப் பொது எண்ணுக்குப் போனால் வரும் வம்பை விளக்க வேண்டியதில்லை. கூகுளில் யாராவது திட்டி எழுதியிருந்தாலும் இதே எச்சரிக்கைதான். ‘நீங்கள் அன்றைக்கு இன்ன நோய்க்கு வந்தீர்கள்’ என்று பதிலில் எழுதினால் அவர் ரகசியத்தை நீங்களே ஊருக்குச் சொன்னதாகிவிடும். ‘கிளினிக் எண்ணுக்கு அழையுங்கள், பேசுவோம்’ என்ற ஒரு வரி போதும்.