ஆர்.ஓ. பராமரிப்பு: ஒப்பந்தமா, ஸ்பேனரா?

மூன்று ஆண்டுகள் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இருந்தேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக வீட்டுக் குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. கருவியை நானே கவனித்துக்கொள்கிறேன். ஆகவே நடுநிலை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்; நான் ஸ்பேனர் கட்சி.

ஒப்பந்தத்தின் வசதி தெரிந்ததுதான்: அழைத்தால் ஆள் வருவார், நம் கை நனையாது. நாமே செய்தால் செலவு குறையும், வேலை கூடும். இதில் வாதிட ஒன்றுமில்லை. எதை எப்போது மாற்றுவது என்று முடிவெடுப்பது யார் என்பதுதான் கேள்வி.

ஒப்பந்தத்தில் அதை முடிவு செய்வது நாட்காட்டி, இல்லையென்றால் வந்தவரின் வாய். ஒருமுறை வந்தவர் ஒரு வாய் நீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, "மெம்பிரேன் போய்விட்டது சார்" என்றார். தலையாட்டினேன். மெம்பிரேன், அதாவது உப்பைத் தடுக்கும் சவ்வு, ஒப்பந்தத்தில் அடங்காது என்பது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழையதையும் அவரே எடுத்துச் சென்றுவிட்டார். அது உண்மையிலேயே போயிருந்ததா என்று இனி யாரைக் கேட்பது? அந்த வாரமே, நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன்.

மெம்பிரேனின் நிலையை அறிய இரண்டு எண்கள் போதும்: உள்ளே போகும் நீரின் டி.டி.எஸ்., வெளியே வரும் நீரின் டி.டி.எஸ். என் கருவியில் 620 உள்ளே போய் 38 வெளியே வந்தது. அதாவது கரைந்த உப்பில் ஏறக்குறைய 94 சதவீதம் தடுக்கப்பட்டது. நல்ல மெம்பிரேன் 90 சதவீதத்துக்கு மேல் தடுக்கும். வெளியே வரும் எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். உள்ளே வரும் நீரில் உப்பு ஏறினால் அந்த எண்ணும் ஏறும், அது மெம்பிரேனின் குற்றமல்ல. இரவெல்லாம் நின்றிருந்த கருவியில் உப்பு மெல்ல மறுபக்கம் கசிந்திருக்கும் என்பதால், காலையில் பிடிக்கும் முதல் குவளையும் பொய் சொல்லும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் குழாயிலேயே நீரைப் பிடித்து அளக்க வேண்டும். கனிமம் சேர்க்கும் கார்ட்ரிட்ஜ் இருந்தால், அதற்கு முன்பே பிடிக்க வேண்டும்.

மீட்டர் குளோரினைக் காட்டாது. குளோரின் பட்டால் மெம்பிரேன் சிதையும். அதைத் தடுக்கும் காவலாளி கார்பன் ஃபில்டர். வண்டல் ஃபில்டர் அடைத்தால் நிறம் மாறும், நீர் வரத்து குறையும். கார்பனோ சத்தமில்லாமல் ஓய்ந்துபோகும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடுகிறேன். ஆம், இந்த இடத்தில் நானும் நாட்காட்டிக்காரன்தான்.

கைவேலை அப்படியொன்றும் கடினமில்லை. நீர் வரும் குழாயை மூடு, அழுத்தத்தை இறக்கு, ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கைத் திருகிக் கழற்று. நீர் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில்தான் கவனம் வேண்டும். முதல் தடவை அது பள்ளத்தில் சரியாக உட்காததைக் கவனிக்காமல் மூடிவிட்டேன். விடியற்காலையில் சமையலறை குளமாகியிருந்தது. ஒப்பந்தக்காரருக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுகிறேன். இப்போதெல்லாம் ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ் தடவி, மூடியபின் அரை மணி நேரம் அருகிலேயே இருந்து பார்க்கிறேன். புது மெம்பிரேன் போட்டால் முதல் தொட்டி நீரைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

பம்பும் மின் அடாப்டரும் எனக்கு இதுவரை பழுதாகவில்லை. ஆகவே அவற்றைப் பற்றி வீரம் பேசப் போவதில்லை. நின்றுபோனால் ஆளைத்தான் கூப்பிடுவேன். குனிந்து நிமிர முடியாதவர்களும், நீரில் கிருமி இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்களும் ஒப்பந்தத்திலேயே இருக்கலாம். கிருமியையும் மீட்டர் காட்டாது. ஆனால் அவர்களும் ஒரு மீட்டர் வாங்கி, மாதம் ஒருமுறை அளந்து எழுதி வைக்கட்டும். "போய்விட்டது" என்று யாராவது சொன்னால், அந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாம்.

என் தாளில் இந்த மாதக் கணக்கு: உள்ளே 640, வெளியே 45. மெம்பிரேனுக்கு வயது இரண்டைத் தாண்டிவிட்டது. இப்போதைக்கு மாற்றுவதாக இல்லை.