காவல் வேலையா, கைத்தொழில் உரிமமா?

படையை விட்டு வெளியே வந்த முதல் மாதத்தில் மூன்று பாதுகாப்பு நிறுவனங்கள் என்னை அழைத்தன. வயது கேட்டார்கள், உயரம் கேட்டார்கள், எப்போது சேர முடியும் என்று கேட்டார்கள். 16 ஆண்டுகளாக நான் என்ன வேலை பார்த்தேன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் போர் விமானங்களின் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) குழாய்களோடும் தரையிறங்கு சக்கரங்களோடும் வாழ்ந்தவன். துப்பாக்கியை ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சித் திடலில் தொட்டதோடு சரி.

படையிலிருந்து வெளிவருகிறவருக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் தென்படும். காவல் வேலை ஒன்று. கிடங்கு, போக்குவரத்து, திட்ட மேலாண்மை போன்ற நிர்வாக வேலை இன்னொன்று. படையில் கற்ற தொழிலுக்கே வெளியுலக உரிமம் வாங்கி அதையே தொடர்வது மூன்றாவது. நான் மூன்றாவதைத் தேர்ந்தவன். எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காவல் வேலையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. உடனே கிடைக்கும். தேர்வு கிடையாது. சீருடை, முறைவேலை, மேலதிகாரி என்று எல்லாம் பழகிய உலகம். வருமானம் ஒரு மாதம்கூட நிற்கக் கூடாத வீட்டில் இதைவிட நல்ல பதில் இல்லை. அதைத் தாழ்த்திப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடும் இல்லை. என்னோடு ஒரே நாளில் வெளியே வந்த நண்பன் அந்த வாரமே சேர்ந்துவிட்டான், இப்போது மேற்பார்வையாளன். நேரம் தவறாதவன் என்று பெயர் வாங்கியிருக்கிறான். ஆனால் அவன் கையில் இருந்த தொழில், எஞ்சினின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் திறமை, அங்கே யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

நிர்வாக வேலையில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. போன இருவரை மட்டும் அறிவேன். ஒருவர் சரக்குக் கிடங்கில் நன்றாக உயர்ந்தார். மற்றவர் ஓராண்டில் திரும்பிவிட்டார். ஆணையிட்டுப் பழகியவருக்கு, தனக்குக் கீழே இல்லாதவர்களிடம் பேசிப் பேசியே வேலை வாங்குவது ஒத்துவரவில்லை. இந்தப் பக்கம் போகிறவர்கள் திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழை நாடுகிறார்கள். பட்டதாரி என்றால் 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்பார்கள். பண்டகப் பொறுப்பும் ஆட்களை நடத்தும் பொறுப்பும் பார்த்தவர்களுக்கு இது பொருந்தும் என்று தோன்றுகிறது. இரண்டு பேரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இனி என் வழி. விமானப் பராமரிப்பில் வேலை செய்வது வேறு, 'இந்த விமானம் பறக்கலாம்' என்று கையெழுத்திடுவது வேறு. படையில் அந்தக் கையெழுத்து உங்கள் பதவியைச் சேர்ந்தது. படை தரும், படையே எடுத்துக்கொள்ளும். வெளியே அது உங்கள் பெயரில் உள்ள உரிமத்தைச் சேர்ந்தது. நிறுவனம் மாறினால் உரிமமும் உங்களோடு வரும். இது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

விமானப் பராமரிப்பு உரிமத்துக்கான ஐரோப்பாவின் பார்ட்-66 விதியை ஒட்டியே இந்தியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளும் தங்கள் விதிகளை அமைத்திருக்கின்றன. எஞ்சின், உடற்பகுதி பார்ப்பவர்களுக்கு பி1 வகை, மின்னணுப் பகுதிக்கு பி2. பாடத்துக்குப் பாடம் தேர்வு, தேர்ச்சிக்கு 75 விழுக்காடு. ஹைட்ராலிக் பாடத்தில் நான் தடுமாறவில்லை; என்னைக் கவிழ்த்தது சட்டப் பாடம். எந்தப் படிவத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதைப் படையில் யாரும் எங்களுக்குத் தேர்வாக வைத்ததில்லை. இரண்டாம் முறைதான் தேறினேன்.

படையில் பெற்ற அனுபவம் இணையானதாக இருந்தால் ஐரோப்பிய விதி ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதற்கு மேல் சிவில் (படை சாராத) விமானத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். பி1, பி2 வகைகளுக்கு அதை 12 மாதம் என்று வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த 12 மாதம் நான் உதவியாளனாக இருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் ஒருவர், "ஐயா, அந்த ஏணியைக் கொஞ்சம் தள்ளுங்கள்" என்பார், தள்ளினேன். சம்பளம், காவல் நிறுவனம் தருவதாகச் சொன்னதைவிடக் குறைவு. வீட்டில் இன்னொரு வருமானம் இல்லையென்றால் இதைத் தாங்கியிருக்க முடியாது. இந்த வழியின் உண்மையான விலை இதுதான்.

அமெரிக்காவில் கணக்கு வேறு. உடற்பகுதி, எஞ்சின் ஆகிய இரண்டில் ஒன்றுக்கு 18 மாத அனுபவம், இரண்டும் சேர்த்து வேண்டுமென்றால் 30 மாதம். படையில் பெற்றதும் செல்லும், எழுத்தில் காட்ட முடிந்தால்.

எழுத்தில் காட்ட முடிந்தால். மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்தது இந்த மூன்று சொற்கள்தான். காவல் வேலைக்கு ஓய்வுச் சான்று போதும். அதை இன்றும் காட்டலாம், பத்தாண்டு கழித்தும் காட்டலாம். தொழில் உரிமத்துக்கோ எந்த விமானத்தில், எந்தப் பாகத்தில், என்ன வேலை, யார் மேற்பார்வையில் என்று வரிவரியாகக் கேட்பார்கள். அந்த ஏடுகள் படையின் சொத்து. நகல் எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாது. பல வேளை எடுக்கவும் கூடாது. வாயிலைத் தாண்டிவிட்டால் அவற்றை நீங்கள் மறுபடி பார்ப்பது அரிது.

இதில் நான் புத்திசாலி அல்ல, அதிர்ஷ்டசாலி. எனக்கு முன்னால் வெளியேறிய மூத்தவர் ஒருவர், கடைசி ஆறு மாதத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லித் தந்தார். சிவில் விமானக் கையேடுகளில் ஒவ்வொரு அமைப்புக்கும் ஓர் அத்தியாய எண் உண்டு. பறப்புக் கட்டுப்பாடு 27, ஹைட்ராலிக் 29, தரையிறங்கு சக்கரம் 32. நான் செய்த வேலைகளை இந்த எண்களின் கீழ் பிரித்து எழுதினேன். ரகசியமான எதுவும் அதில் இல்லை. கழற்றியது, பொருத்தியது, சோதித்தது, கோளாறு கண்டது, அவ்வளவுதான். பொறுப்பு அதிகாரி பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டார். 'படைப்பிரிவின் சிறந்த டெக்னீஷியன்' என்ற பாராட்டுப் பத்திரத்தை நேர்முகத் தேர்வில் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் எழுதிய அந்த ஒன்பது பக்கங்களை மேசையில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கேட்டார்கள். நான் பழக்கத்தில் "நாங்கள் செய்தோம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். "நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று நான்கு முறை திருத்தினார் ஒருவர்.

வேறு தொழில்களிலும் கடிகாரம் ஓடுகிறது. அமெரிக்காவில், படையில் கனரக வாகனம் ஓட்டியவருக்குச் சிவில் உரிமத்தின் ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும், வெளியே வந்த ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதே நாட்டில், பணியின் கடைசி 180 நாட்கள் வரை வெளி நிறுவனங்களில் பயிற்சி பெற ஸ்கில்பிரிட்ஜ் என்ற ஏற்பாடு உள்ளது. என் காலத்தில் எனக்கு அப்படி எதுவும் கிடைத்திருந்தால் அந்த ஏணியை இன்னும் சில மாதம் குறைவாகத் தள்ளியிருப்பேன்.

உரிமம் வாங்கிய பிறகும் பராமரிப்பு உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கையெழுத்திடும் உரிமை நிலைக்க, முந்தைய இரண்டு ஆண்டில் ஆறு மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். காவல் வேலையில் இந்தத் தொல்லை குறைவு. ஐம்பதைத் தாண்டி வெளியே வருகிறவருக்கு நான் இந்த வழியைச் சொல்வேனா என்பதும் சந்தேகம்தான். இரவுப் பணியும் இறக்கைக்கு அடியில் குனிந்து நிற்பதும் உடலைக் கேட்கும்.

போன மாதம் நண்பன் வந்தான். மேற்பார்வை வேலை போதும், நான்காண்டு ஆகிவிட்டது, விமானக் கூடத்துக்கே வரலாமா என்று கேட்டான். விதி அவனைத் தடுக்கவில்லை. சிவில் விமானத்தில் 12 மாதம் பார்த்தால் பழைய அனுபவத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தோம். 29 என்று மேலே எழுதியதும் அவன் நிறுத்தவே இல்லை. எந்தப் பம்ப், எந்தக் கசிவுத் தடுப்பு வளையம், எத்தனை முறை என்று நான் எழுதும் வேகத்தை மிஞ்சிச் சொல்லிக்கொண்டே போனான். முதல் பக்கம் நிறைந்தது. கீழே மேற்பார்வையாளர் கையொப்பம் என்று ஒரு கோடு. எங்கள் பிரிவைக் கலைத்து இரண்டு ஆண்டு ஆகிறது. அந்த அதிகாரியின் தற்போதைய முகவரி யாரிடம் இருக்கும் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.