தமிழ் எழுத்து உடையாம வரணும்னு இமேஜ்மேஜிக்கை சோர்ஸ்ல இருந்து போட்டது – ரொம்ப நாள் ஓட்டின அனுபவம்

ஸ்கூல் ஐடி கார்டு, சர்டிஃபிகேட், அழைப்பிதழ்னு ஒரே டிசைன்ல பேரை மட்டும் மாத்தி மாத்தி நூத்துக்கணக்குல அடிக்கிற வேலை இருக்குறவங்களுக்கு கமாண்ட் அடிச்சே படத்தை உருவாக்குற, மாத்துற இமேஜ்மேஜிக் சாஃப்ட்வேர் பத்தி நான் ஒன்னும் புதுசா சொல்ல வேண்டியதில்ல. எக்செல்ல இருக்குற லிஸ்ட்டை சிஎஸ்வியா எடுத்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்ல கொடுத்துட்டா அதுபாட்டுக்கு அடிச்சுத் தள்ளிடும். ஆனா பேரு இங்கிலீஷ்ல இருக்குற வரைக்கும்தான் இந்த சந்தோஷம். முருகேசன்னு கொடுத்துப் பாருங்க, மு-வோட கொக்கி ம-வுல ஒட்டாம தனியா நிக்கும், கே-யோட கொம்பு க-வுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் உக்காந்துக்கும்.

ஃபான்ட் மாத்தினா சரியாகும்னு நிறைய பேர் ஃபான்ட் ஃபான்ட்டா மாத்திக்கிட்டு இருப்பாங்க, அதுல பிரயோஜனம் இல்ல. யூனிகோட்ல கே-ன்னா முதல்ல க, அப்புறம்தான் கொம்பு, அந்த வரிசைலதான் சேவ் ஆகியிருக்கும். அதைப் படிச்சு கொம்பைத் தூக்கி முன்னாடி வைக்கிற வேலையை செய்றது ஹார்ஃப்பஸ்னு ஒரு லைப்ரரி (மத்த சாஃப்ட்வேர் கூப்பிட்டு யூஸ் பண்ற நிரல் தொகுப்பு), எழுத்தை வரைய மட்டும் தெரிஞ்ச ஃப்ரீடைப் லைப்ரரி தனியா இருந்தா அது வந்த வரிசைல எழுத்தை வரைஞ்சுட்டுப் போயிடும். இமேஜ்மேஜிக்கையும் ஹார்ஃப்பஸ்ஸையும் சேத்து வைக்கிற குட்டி லைப்ரரி ஒன்னு இருக்கு, பேரு ராக்ம். உபுண்டு லினக்ஸ் 22.04-ல ஏபிடி (சாஃப்ட்வேரை ரெடிமேடா இறக்கிப் போடுற கமாண்ட்) மூலமா வர்ற இமேஜ்மேஜிக் 6.9.11 பேக்கேஜ்ல வெர்ஷன் கமாண்ட் அடிச்சு கடைசி வரில டெலிகேட்ஸ் (கூட சேத்துக்கிட்ட வெளி லைப்ரரிகள்) லிஸ்ட்டைப் பாத்தீங்கன்னா எழுத்தை அடுக்குற இன்னொரு லைப்ரரியான பேங்கோ இருக்கும், ராக்ம் இருக்காது. பேங்கோ வழியாவும் தமிழ் சரியா வரும், அதை மறுக்கல. ஆனா எழுத்துக்கு அவுட்லைன் கொடுக்கணும், அனோடேட் (படத்து மேல எழுத்து வைக்கிற ஆப்ஷன்) வச்சு நெனச்ச இடத்துல நெனச்ச சாய்வுல வைக்கணும்னா அதுல மல்லுக்கட்டணும். எனக்கு அது ரெண்டும் வேணும், அதனால சோர்ஸ் கோடை இறக்கி வெர்ஷன் 7-ஐ நானே கம்பைல் பண்ணிக்கிட்டேன், அதாவது ஓடுற சாஃப்ட்வேரா மாத்திக்கிட்டேன்.

கம்பைல் பண்றதுன்னா ஏதோ பெரிய வித்தைன்னு பயப்படுறாங்க, அப்படி எல்லாம் இல்ல. பில்ட் எசென்ஷியல்ங்கற கம்பைலர் பேக்கேஜைப் போடணும், சோர்ஸை இறக்கி கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால், அவ்ளோதான், சாதாரண லேப்டாப்லயே டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். வேலையே, என்னென்ன லைப்ரரி இருக்குன்னு தேடிப் பாக்குற அந்த கன்ஃபிகர்லதான் இருக்கு. எந்த லைப்ரரி இல்லன்னாலும் அது எரர் அடிக்காது, நிக்காது, இல்லாததை விட்டுட்டு மத்ததை வச்சு பில்டை முடிச்சுக் கொடுத்துடும், உப்பு இல்லன்னு யார்கிட்டயும் சொல்லாம பந்தி வச்ச மாதிரி. கடைசியா ஒரு நீள டேபிள் வரும், அதுல ஒவ்வொரு லைப்ரரிக்கும் நேரா நாம கேட்டது ஒரு நெடுவரிசை, நிஜமா கிடைச்சது இன்னொரு நெடுவரிசை. முதல் நெடுவரிசைல யெஸ், ரெண்டாவதுல நோ-ன்னு இருந்தா அந்த ஃபார்மட் உங்களுக்கு கிடையாது. இதைப் பாக்காம மேக் அடிச்சவங்கதான் அப்புறம் ஜேபெக்கை ஓபன் பண்ணா "நோ டிகோட் டெலிகேட்"னு வருதேன்னு வந்து கேக்குறாங்க.

"லைப்ரரிதான் ஏற்கனவே சிஸ்டத்துல இருக்கே, ஏன் நோ காட்டுது"ன்னா, ஓடுறதுக்கு வேணுங்கறது மட்டும்தான் இருக்கு, கம்பைல் பண்ண அதோட ஹெடர் ஃபைல்ஸ் வேணும், அது பேருக்குப் பின்னாடி டெவ்-னு முடியுற தனி பேக்கேஜ். ஜேபெக், பிஎன்ஜி, டிஃப், வெப்பி, ஃப்ரீடைப், ஃபான்ட்கான்ஃபிக், ராக்ம், ஹெய்ஃப் இத்தனைக்கும் டெவ் போட்டுட்டு கன்ஃபிகரை மறுபடி ஓட்டுங்க, ராக்முக்கு தனியா எதையும் ஆன் பண்ண வேண்டாம், கண்ணுல பட்டா தானா எடுத்துக்கும்.

இன்ஸ்டால் முடிஞ்ச உடனே கமாண்டை அடிச்சா ஷேர்ட் லைப்ரரி ஓபன் பண்ண முடியலன்னு ஒரு எரர் வரும், புதுசா போடுற எல்லாரும் இங்கதான் மிரள்றாங்க. புது லைப்ரரி இருக்குற இடத்தை சிஸ்டத்துக்குச் சொல்ற எல்டிகான்ஃபிக் கமாண்டை ஒரு தடவை ஓட்டினா சரி. இன்னொன்னு, 7-ல மெயின் கமாண்ட் மேஜிக், பழைய கன்வர்ட் அடிச்சா இது வழக்கொழிஞ்சு போச்சுன்னு வார்னிங் காட்டும். நல்லதுதான், விண்டோஸ்ல அதே பேர்ல டிஸ்க் ஃபைல் சிஸ்டம் மாத்துற கமாண்ட் வேற இருக்கு. ஏபிடி போட்ட 6-ஐ அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க, வேற சாஃப்ட்வேர் அதை நம்பி இருக்கும், ரெண்டும் வேற வேற ஃபோல்டர்ல சண்டை போடாம இருக்கும். என் பழக்கம் என்னன்னா கன்ஃபிகர்ல ப்ரிஃபிக்ஸ் (எங்க போடணும்ங்கற இடம்) கொடுத்து ஆப்ட் ஃபோல்டருக்குள்ள வெர்ஷன் நம்பர் பேர்லயே போட்டுட்டு, ஒரு சிம்லிங்க் (ஃபைல் இருக்குற இடத்தைக் காட்டுற ஷார்ட்கட்) மட்டும் யூசர் லோக்கல் பின்ல வைக்கிறது, புது வெர்ஷன் சொதப்பினா லிங்க்கை மாத்தினா பழசுக்கு வந்துடலாம், அன்இன்ஸ்டால் பண்ண சோர்ஸ் ஃபோல்டரைத் தேட வேண்டியதில்ல.

ஸ்பீடு, மெமரி பத்தி சொல்லணும். 7 சும்மா கம்பைல் பண்ணா க்யூ16 எச்டிஆர்ஐ (கலரை ரொம்ப துல்லியமா வச்சுக்கிற முறை), அதாவது ஒவ்வொரு பிக்சல்லயும் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம்ல ஒன்னுக்கு) 4 பைட். 24 மெகாபிக்சல் போட்டோ ஒன்னை ஓபன் பண்ணாலே மூணு சேனலுக்கு 288 எம்பி போயிடும், அதை ஒரு காப்பி எடுத்து மாத்தினா டபுள். ஐடி கார்டுக்கு இவ்ளோ துல்லியம் எதுக்கு? க்வான்டம் டெப்த் (ஒரு சேனலுக்கு எத்தனை பிட்) 8, எச்டிஆர்ஐ ஆஃப்னு தனியா இன்னொரு பில்ட் வச்சிருக்கேன், பழைய 4 ஜிபி மெஷின்ல அதுதான் ஓடுது. ஆல்பம் கலர் கரெக்ஷனுக்கு மட்டும் க்யூ16, அங்க 8 வச்சா வானம் பட்டை பட்டையா வரும். எக்ஸ்ஆர்க்ஸ் கமாண்டை வச்சு ஒரே நேரத்துல நாலு ஃபைல் ஓட்டுறவங்க மேஜிக் த்ரெட் லிமிட் வேரியபிளை 1-னு வச்சுக்கோங்க, இல்லன்னா ஒவ்வொன்னும் எல்லா கோரையும் பிடிச்சு இழுக்கும், நாலு ஓட்டியும் ஸ்லோவாதான் இருக்கும்.

செக்யூரிட்டி விஷயத்துல சோர்ஸ் பில்ட் கொஞ்சம் பயமுறுத்துற சமாச்சாரம். 2016 மே மாசம் இமேஜ்ட்ராஜிக்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, போட்டோ மாதிரி ஒரு ஃபைலை அப்லோட் பண்ணியே சர்வர்ல கமாண்ட் ஓட்டலாம்கிற லெவல்ல. அதே மாதிரி 2018-ல இமேஜ்மேஜிக் பிடிஎஃப் படிக்க நம்பி இருக்குற கோஸ்ட்ஸ்கிரிப்ட்ல வந்த ஓட்டைக்கு அப்புறம் உபுண்டு மாதிரி டிஸ்ட்ரோ பேக்கேஜ்ல பிடிஎஃப்பை பாலிசி ஃபைல்லயே (எதை ஓட்டலாம், எதை ஓட்டக் கூடாதுன்னு சொல்ற ஃபைல்) பூட்டிட்டாங்க. நாம கம்பைல் பண்றதுல டிஃபால்ட் பாலிசி ஓபன், பிடிஎஃப் ஜம்முனு ஓடும், அதே நேரம் வேற எல்லாமும் ஓடும். சொந்த மெஷின்ல சொந்த ஃபைல்னா பரவால்ல. வெளி ஆளுங்க படம் ஏத்துற சர்வர்னா கன்ஃபிகர்லயே வெப்சேஃப் பாலிசி கொடுத்துடுங்க. அப்டேட்டும் நம்ம தலைலதான். ஆனா ஒரு நல்லது, 2023 செப்டம்பர்ல வெப்பி படத்தைப் படிக்கிற லிப்வெப்பி லைப்ரரில பெரிய ஓட்டைன்னு கண்டுபிடிச்சப்ப ஏபிடி அப்டேட் பண்ணதே போதுமா இருந்துச்சு, ஏன்னா நம்ம பில்டும் சிஸ்டத்துல இருக்குற அதே லைப்ரரியைத்தான் கூப்பிடுது.

அந்த நல்லதே வேற நாள் உதைக்கும். உபுண்டுவை 22.04-ல இருந்து 24.04-க்கு ஏத்தினா டிஃப் படத்துக்கான லைப்ரரி லிப்டிஃப் 5 போய் 6 வந்துடும். ஏத்தின அன்னைக்கு ஒன்னும் தெரியாம போகலாம், பழைய லைப்ரரி அங்கயே கிடக்கலாம், அப்புறம் ஒரு நாள் இடம் பத்தலன்னு ஆட்டோரிமூவ் அடிச்சா தேவையில்லாத பேக்கேஜ்னு அதைத் தூக்கிடும், மறுநாள் மேஜிக் கமாண்ட் எந்திரிக்காது. ஏபிடிக்கு நாம போட்ட சாஃப்ட்வேர் இருக்குறதே தெரியாது, அதைக் குறை சொல்லி என்ன பண்றது. ஓஎஸ் அப்கிரேடு பண்ண அன்னைக்கே மறுபடி கம்பைல் பண்ணிடுங்க. கன்ஃபிகர் லைனை ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல்ல எழுதி வச்சிருந்தா ஒரே கமாண்ட்தான்.

24.04-ல ஹெய்ஃப் ஃபார்மட்ல வர்ற ஐபோன் போட்டோக்கு இன்னொரு கொக்கி இருக்கு. கன்ஃபிகர் டேபிள்ல ஹெய்ஃப் யெஸ்னு காட்டும், டெலிகேட்ஸ்லயும் இருக்கும், படத்தை ஓபன் பண்ணா மட்டும் வராது. படத்தை விரிச்சுப் படிக்கிற டிகோடரை தனித்தனி ப்ளகின் பேக்கேஜா பிரிச்சுட்டாங்க, லிப்டிஇ265 ப்ளகினைப் போட்டா போதும், மறுபடி கம்பைல் பண்ண வேண்டியதில்ல. பிஎச்பில இமேஜிக் எக்ஸ்டென்ஷன் யூஸ் பண்றவங்களுக்கு ஒன்னு, ஏபிடில வர்ற எக்ஸ்டென்ஷன் பழைய 6-ஓடதான் ஒட்டியிருக்கும், நீங்க 7 போட்டதால அங்க தமிழ் சரியாகாது. பெக்கிள் (பிஎச்பி எக்ஸ்டென்ஷன் போடுற டூல்) வச்சு புதுசோட சேத்து அதையும் கம்பைல் பண்ணணும், இல்லன்னா நான் பண்ற மாதிரி பிஎச்பில இருந்து நேரா மேஜிக் கமாண்டையே கூப்பிட்டுடுங்க, பேரை மட்டும் எஸ்கேப்ஷெல்ஆர்க் (பேருல இருக்குற குறிகளை ஷெல் கமாண்டா எடுத்துக்காம தடுக்குற பிஎச்பி ஃபங்ஷன்) வழியா அனுப்புங்க.