கூகுள் டிரெண்ட்ஸ்: ‘எப்போது’ என்று கேட்டால் சொல்லும், ‘எத்தனை பேர்’ என்று கேட்டால் சொல்லாது

இணைய விளம்பரத் தொழிலில் இலவசக் கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலானவை உள்ளே நுழைந்து நாலு சொல்லைத் தேடுவதற்குள் கட்டணம் கேட்டு நிற்கும். ஒரு சொல்லைக் கூகுளில் தேடும் ஆர்வம் காலப்போக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான கோடாக வரைந்து காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் அப்படிக் கேட்பதில்லை. 2006 மே மாதம் அறிமுகமான இந்தத் தளத்தை இன்றும் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் திறந்து பார்க்கலாம். சிறு நிறுவனங்களுக்காகக் கட்டுரை, காணொளி, விளம்பரம் ஆகியவற்றைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். வேலை நாள்களில் என் கணினியில் இது திறந்தே இருக்கும். அந்தப் பழக்கத்தில் எழுதும் மதிப்புரை இது.

முதலில் அந்த 100 என்ற எண்ணைப் பேசித் தீர்த்துவிடுவோம். “எங்கள் பொருளுக்கு 100 வந்திருக்கிறது, பார்த்தீர்களா?” என்று வரைபடத்தைப் படம்பிடித்து அனுப்பும் வாடிக்கையாளர் இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒருவராவது இருப்பார். 100 என்பது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. நாம் தேர்ந்தெடுத்த இடத்தில், தேர்ந்தெடுத்த காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு எந்தப் புள்ளியில் மிக அதிகமோ, அதற்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றப் புள்ளிகளை அதற்கு ஏற்பக் குறைத்துக் காட்டுகிறார்கள். போதிய தேடல் உள்ள எந்தச் சொல்லைத் தனியாகப் போட்டாலும் எங்காவது ஒரு 100 வந்தே தீரும். ‘குடை’யைத் தனியாகப் போட்டால் அதன் உச்சம் கூரையைத் தொடும். பக்கத்தில் ‘வானிலை’யைச் சேர்த்தால் அதே குடை தரையோடு ஒட்டிக்கொள்ளும். குடைக்கு எதுவும் ஆகிவிடவில்லை, அளவுகோல்தான் மாறியிருக்கிறது.

மொத்தத் தேடல்களில் பங்கு என்று சொன்னேனே, அதற்குள் இன்னொரு பொறி இருக்கிறது. இணையத்தில் தேடுகிறவர்கள் பெருகப் பெருக மொத்தமும் பெருகுகிறது. ஒரு சொல்லைப் பத்து ஆண்டுகளாக அதே அளவு பேர் தேடிவந்தாலும் அதன் கோடு கீழ்நோக்கிச் சரியும். தொழில் செத்துக்கொண்டிருக்கிறது என்று அதைப் பார்த்துப் பதறுவது வீண். எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இது சரியான இடமே இல்லை. அதற்கு விளம்பரம் தருகிறவர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் கீவேர்டு பிளானர் கருவி இருக்கிறது. விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குகளுக்கு அதுவும் பரந்த வரம்பை மட்டும்தான் காட்டும். 1,000 முதல் 10,000 வரை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஆனாலும் தலையை எண்ணும் முயற்சி அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் டிரெண்ட்ஸ் எதற்கு? பருவத்தைப் படிக்க. இதில் அதற்கு நிகரான இலவசக் கருவியை நான் பார்த்ததில்லை. ஐந்து ஆண்டு என்று காலத்தைத் தேர்ந்தெடுத்தால் வாரவாரியாகக் கோடு வரும். 2004-இல் இருந்து என்றால் மாதவாரியாக வரும். உடற்பயிற்சிக்கூடம் பற்றிய தேடலை ஆங்கிலத்தில் உலகம் முழுவதற்கும் போட்டுப் பாருங்கள். ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு துள்ளல், பிறகு இறக்கம். புத்தாண்டு உறுதிமொழிகளின் ஆயுள் எவ்வளவு என்பதை இதைவிட இரக்கமில்லாமல் சொல்ல முடியாது. இதில் எல்லோரும் உச்சியைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது கோடு மேலே திரும்பத் தொடங்கும் வாரத்தை. தேடுபொறி ஒரு புதிய பக்கத்தைக் கண்டெடுத்து, நம்பி, மேலே ஏற்றக் கொஞ்ச காலம் பிடிக்கும். உச்சி வரும் வாரத்தில் கட்டுரை வெளியிடுகிறவர் அறுவடை முடிந்தபின் விதைக்கிறவர். கோடு திரும்பும் வாரத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பக்கம் தயாராக இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கட்டண விளம்பரத்துக்கு அவ்வளவு முன்னேற்பாடு தேவையில்லை.

அடுத்தது, தேடுசொல்லுக்கும் தலைப்புக்கும் உள்ள வேறுபாடு. பெட்டியில் ‘ஜாகுவார்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் கீழே விலங்கு, கார் நிறுவனம் எனத் தனித்தனித் தலைப்புகள் விரியும். தலைப்பைத் தேர்ந்தெடுத்தால் வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களும் வெவ்வேறு மொழிகளும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடப்படும். தேடுசொல்லாகவே விட்டுவிட்டால் தட்டிய எழுத்துகள் மட்டும்தான் கணக்கு. பிழையாகத் தட்டியவர்கள் எல்லாரும் வெளியே நிற்பார்கள். தாய்மொழிச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாகத் தட்டும் வாசகர்களுக்காக எழுதுகிற எவரும் இதை மறக்கக் கூடாது. கூட்டல் குறியால் பல வடிவங்களை ஒரே வரியில் இணைக்கலாம். ஒரே நேரத்தில் பல வரிகளை ஒப்பிடலாம். போட்டி நிறுவனத்தைத் தேடுசொல்லாகவும் தங்கள் நிறுவனத்தைத் தலைப்பாகவும் வைத்து “நாங்கள்தான் முன்னே” என்று காட்டும் வரைபடங்களை நான் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காத வரை அது நன்றாகத்தான் ஓடுகிறது.

மேலே ஒரு சிறிய பட்டியும் இருக்கிறது: வலைத் தேடல், படம், செய்தி, ஷாப்பிங், யூடியூப். வலைத் தேடலுக்கு 2004 முதல் தரவு உண்டு, மற்றவற்றுக்கு 2008 முதல். காணொளி எடுப்பவர் வலைத் தேடலின் கோட்டை வைத்துத் திட்டமிடுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். செய்து காட்டச் சொல்லி யூடியூபில் தேடுகிறவரும் விலை விசாரிக்க வலையில் தேடுகிறவரும் ஒரே ஆளாகவே இருந்தாலும், அவர் தேடும் நேரமும் தேவையும் வேறு.

தொடர்புடைய தேடல்கள் பகுதியில் சிலவற்றுக்கு எதிரே ‘பிரேக்அவுட்’ என்று நிற்கும். முந்தைய காலத்தைவிட 5,000 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது என்று பொருள். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் முன்பு கிட்டத்தட்ட யாருமே தேடாத ஒன்று இரண்டு நாள் செய்தியில் அடிபட்டாலே இந்தப் பட்டம் கிடைத்துவிடும். நான் இங்கே வேட்டையாடுவது வேறு: மக்கள் கேட்கும் வாசக அமைப்பு. நிறுவனம் தன் பொருளுக்கு வைத்திருக்கும் கம்பீரமான பெயரை மக்கள் தேடுவதே இல்லை என்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் அம்பலமாகும். கட்டுரைத் தலைப்புகளை அங்கிருந்துதான் எடுக்கிறேன்.

சமூக ஊடக டிரெண்டுகளோடு ஒப்பிடாமல் இந்த மதிப்புரை நிறைவடையாது. 2007-இல் கிறிஸ் மெசினா என்ற தொழில்நுட்ப வடிவமைப்பாளர் ட்விட்டரில் ஹேஷ்டேக் யோசனையை முன்வைத்தார். அடுத்த ஆண்டே அந்தத் தளத்தில் டிரெண்டிங் பட்டியல் வந்துவிட்டது. இன்று எக்ஸ் என்று பெயர் மாறிய அதே தளத்தில், நாம் மாற்றாத வரை, அந்தப் பட்டியல் நாம் பின்தொடர்கிறவர்களையும் நம் ஆர்வங்களையும் இடத்தையும் வைத்து நமக்கென்று சமைக்கப்படுகிறது. என் திரையில் தெரிவது என் வாடிக்கையாளரின் வாடிக்கையாளருக்குத் தெரியாது. தவிர, அது நெடுநாள் நிற்பதைக் காட்டுவதில்லை, இப்போது திடீரென்று கிளம்புவதைக் காட்டுகிறது. அதைத் துரத்தி ஓடினால் என்னவாகும் என்பதற்கு 2011 பிப்ரவரியே போதும். எகிப்தில் மக்கள் எழுச்சி நடந்துகொண்டிருந்தபோது ‘கெய்ரோ’ என்ற ஹேஷ்டேக்கோடு கென்னத் கோல் ஆடை நிறுவனம் தன் புதிய வசந்தகால உடைகளை வைத்து வேடிக்கை பேசியது. கண்டனங்கள் குவிந்து, அன்றே மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

பட்டியல்களின் ஆயுளும் கெட்டியில்லை. ஃபேஸ்புக் தன் டிரெண்டிங் பகுதியை 2018-இல் எடுத்துவிட்டது. பதிவுகள் எப்படிப் பரவுகின்றன என்று பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் கருவியை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்டில் மூடியது. யூடியூப் 2025-இல் தன் டிரெண்டிங் பக்கத்தைக் கைவிட்டது. இவற்றை நம்பி வேலைமுறை அமைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. டிரெண்ட்ஸ் மட்டும் முகம் மாறினாலும் நிலைத்திருக்கிறது. மனிதர்கள் ஊருக்கு முன்னால் காட்டிக்கொள்வதைச் சமூக ஊடகம் சொல்கிறது. யாரும் பார்க்காதபோது கேட்பதைத் தேடல் சொல்கிறது. கடன், வழுக்கை, மூட்டுவலி போன்றவற்றுக்கு ஹேஷ்டேக்கைப் பார்ப்பதில் பயனில்லை.

அதற்காகத் தேடலை அப்படியே தேவை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கூகுளுக்கே இது பட்டுத் தெரிந்த பாடம். மக்கள் தேடுவதை வைத்து ஃபுளூ காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008-இல் ‘கூகுள் ஃபுளூ டிரெண்ட்ஸ்’ தொடங்கினார்கள். 2012–13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் அதன் மதிப்பீடு, மருத்துவரை நாடியவர்களின் அரசுக் கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக நின்றது. செய்திகளில் காய்ச்சல் பேச்சு நிறைந்தால் காய்ச்சல் இல்லாதவரும் தேடுவார் என்பதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். 2015-இல் அந்தக் கணிப்பு வெளியீடு நின்றுபோனது. ஒரு நிறுவனத்தின் பெயருக்கு வரும் மிகப் பெரிய உச்சம் அதன் மிக மோசமான வாரமாகவும் இருக்கலாம்.

பழைய தரவைப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. நீண்ட கோட்டின் மேல் 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் தொடக்கத்தில் சிறு குறிப்புகள் இருக்கும். அந்த இடங்களில் தரவைச் சேகரிக்கும் அல்லது இடம்வாரியாகப் பிரிக்கும் முறை மாறியது. சரியாக அந்தப் புள்ளியில் கோடு படியேறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அளவுமுறையை, சந்தையை அல்ல. தவிர, இது எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை, மாதிரி எடுத்துத்தான் கணக்கிடுகிறது. எனவே மிகச் சிறிய துறைகளில் கோடு பூஜ்யத்துக்கும் உச்சிக்குமாக எகிறிக் குதிக்கும். பூஜ்யம் என்றால் யாரும் தேடவில்லை என்றில்லை, போதிய தரவு இல்லை என்றுதான் பொருள். அத்தகைய வாடிக்கையாளர்களுக்கு நான் இதைத் திறப்பதே இல்லை. கூகுள் தேடலில் தங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு இருக்கிறது, அதுவே மேல்.

2025-இல் மென்பொருள் வழியாகத் தரவை எடுப்பதற்கான சோதனை வடிவம் ஒன்றைக் கூகுள் அறிவித்தது. வெவ்வேறு நேரத்தில் எடுத்த தரவையும் ஒன்றோடொன்று ஒப்பிடும்படி ஒரே அளவுகோலில் தரும் என்கிறார்கள். அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தால் என் புகார்களில் பாதி குறையும்.

இப்போதைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைப் பிடித்துவைத்ததற்குக் காரணம் தரவு அல்ல, திரை. 100 என்றால் என்ன என்ற விளக்கத்தை வரைபடத்தின் மேலே எல்லோருக்கும் தெரியும்படி எழுதுவதை விட்டு, தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறிக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். வரைபடத்தைப் படம்பிடித்து அனுப்புகிறவர்கள் அந்தக் கேள்விக்குறியைத் தொடுவதில்லை.