லடாடிகாவா, ஆனோ போலியா? தெசலோனிகியில் ஆறு இரவுகள்

ஆனோ போலி என்று பெயரைச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: “போலியா? அப்ப அசல் எங்கடா இருக்கு?” கிரேக்க மொழியில் அதற்கு ‘மேல் நகரம்’ என்று பொருள். அசல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. கிரீசின் தெசலோனிகி நகரத்தில் முதல் இரண்டு இரவுகள் துறைமுகத்தை ஒட்டிய லடாடிகாவிலும், அடுத்த நான்கு இரவுகள் மலைச்சரிவில் இருக்கும் ஆனோ போலியிலும் தங்கினோம்.

பழைய தெரு பார்க்க வேண்டுமென்றால் இந்த ஊரில் ஏன் இவை இரண்டையும் சொல்கிறார்கள்? 1917 ஆகஸ்டில் வடமேற்கில் ஒரு வீட்டு அடுப்பிலிருந்து பறந்த பொறி 32 மணி நேரத்தில் ஏறத்தாழ 9,500 வீடுகளைத் தின்றுவிட்டது. எழுபதாயிரம் பேருக்கு மேல் தெருவுக்கு வந்தார்கள். வர்தாரிஸ் என்ற வடமேற்குக் காற்று தீயைக் கடலை நோக்கித் தள்ளியதால் மேல் நகரம் பிழைத்தது. கீழே, நெருப்பின் ஓரத்தில் லடாடிகாவும் தப்பித்தது. நடுவில் எரிந்த பகுதியை எர்னெஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் தலைமையில் அகலமான நேர்த்தெருக்களாகத் திட்டமிட்டார்கள். அரிஸ்டோடெலுஸ் சதுக்கம் அப்படி வந்தது. அழகுதான், ஆனால் பழையதல்ல.

லடாடிகாவை முதலில் முடித்துவிடுகிறேன். லாடி என்றால் எண்ணெய். ஒரு காலத்தில் எண்ணெய் மண்டிகள் இருந்த தெருக்கள். மண்டிகள் போனபின் கொஞ்ச காலம் பேர் கெட்டுக் கிடந்தது. எண்பதுகளில் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தபின், பழைய கிடங்குகளுக்கு வண்ணம் பூசி உணவகங்களாக மாற்றிவிட்டார்கள். கதவைத் திறந்தால் சாப்பாடு, நாலு எட்டு வைத்தால் கடற்கரை, 2024 நவம்பரில் ஓட ஆரம்பித்த மெட்ரோவும் பக்கத்திலேயே. தரை சமதளம். எல்லாம் சரி, ஆனால் காலை எட்டு மணிக்கு வெளியே வந்தால் கவிழ்த்துப் போட்ட நாற்காலிகளும், தெருவைக் கழுவிவிடும் ஒருவரும்தான். துணி காயவில்லை, குழம்பு கொதிக்கும் வாசனை இல்லை. ராத்திரியோ இரண்டு மணிக்கும் பாட்டு ஓயவில்லை. நான் பத்து மணிக்குத் தூங்குகிற ஆள், அதனால் இந்தத் தீர்ப்பில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

மேலே கதை வேறு. மாடி மட்டும் தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் துருக்கியர் காலத்து வீடுகள். கீழே தெரு வளைந்தால் மேலே மாடியும் கோணலாக வளைகிறது. கோட்டை மதிலை ஒட்டிப் பாருங்கள்: மதிலையே பின்சுவராக வைத்துச் சின்னச்சின்ன வீடுகள். 1923-ல் கிரீசும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகள் கைக்குக் கிடைத்த இடத்தில் கட்டியவை. நாங்கள் பார்த்த ஒன்றின் வாசலில் எண்ணெய் டின்னில் துளசி வைத்திருந்தார்கள். நம் துளசி இல்லை, அந்த ஊர்க்காரர்களின் வாசிலிகோஸ். அம்மா குனிந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்துவிட்டு, “திருநீற்றுப் பச்சிலை மாதிரி இருக்கு” என்றாள். ஜன்னலில் நின்ற பாட்டி ஒரு கொத்தையே ஒடித்து நீட்டினார்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது மேடு. இதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. படத்தில் சந்து அழகாகத் தெரியும், எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. உருளைக்கல் பாவிய தெருவில் என் பெட்டியின் சக்கரம் ஒன்று முதல் நாளே கழன்றது. மெட்ரோ மேலே ஏறாது. அன்று மாலை ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆறு கொண்ட கட்டு ஒன்றைக் கீழேயிருந்து வாங்கித் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஒன்பது கிலோ. மூன்று இடத்தில் இறக்கி வைத்தேன். வாசலில் பார்த்த வீட்டுக்காரர், குழாய்த் தண்ணீரே குடிக்கலாமே என்றார்.

இரண்டாம் நாள் புத்தி வந்தது: பஸ்ஸில் ஏறு, நடந்து இறங்கு. காலையில் 23-ஆம் எண் பஸ்ஸில் மேலே போய்விடுவோம். அது சந்துகளில் திரும்பும்போது கண்ணாடிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. உச்சியில் எப்தாபிர்கியோ கோட்டை. எதி குலே என்ற துருக்கிப் பெயரில் 1989 வரை சிறையாக இருந்தது, ரெபெடிகோ என்ற பழைய கிரேக்க நகர்ப்புறப் பாட்டுகளில் கைதிகள் புலம்புவது இதைப் பற்றித்தான். அங்கிருந்து திரிகோனியு கோபுரம். ஊர் முழுக்கக் காலடியில், வானம் தெளிவாக இருந்தால் வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை. இன்னும் கீழே வ்லாதாதோன் மடம், பைசாந்தியக் காலத்திலிருந்து இன்றுவரை துறவிகள் இருக்கும் மடம். முற்றத்தில் மயில்கள் உலாவின. அம்மாவுக்கு அந்த இடத்தை விட்டுக் கிளம்ப மனமே வரவில்லை.

அப்புறம் ஒசியோஸ் தாவித் என்ற தேவாலயம். வெளியே பார்த்தால் சின்ன வீடு மாதிரிதான் இருக்கும், தவறவிடாதீர்கள். உள்ளே ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த மொசைக்: தாடியில்லாத இளம் இயேசு வானவில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். மசூதியாக இருந்த காலத்தில் சாந்துக்குள் மறைந்து, 1920-களில் மறுபடி வெளியே வந்தது. இப்படி ஒவ்வொன்றாக இறங்கினால் மதியத்துக்குள் அஜியோஸ் திமித்ரியோஸ் பேராலயம், பிறகு சாப்பாடு. முழங்கால் வலிக்காரியான அம்மா இப்படித்தான் நான்கு நாளும் சமாளித்தாள். ஆனால் இறங்குவதும் முழங்காலுக்கு லேசு இல்லை, இரண்டு இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

நாங்கள் போனது அக்டோபரில், ஒரு நாள்கூட மழை இல்லை. நனைந்த உருளைக்கல்லில் அம்மாவை அழைத்துப் போயிருப்பேனா என்றால், மாட்டேன். ஒரே இரவு தங்குபவர்களும், கைக்குழந்தை வண்டியோடு வருபவர்களும் லடாடிகாவிலேயே இருந்துவிட்டு, ஒரு காலைப்பொழுது மட்டும் மேலே போய் வரலாம். மூன்று இரவுக்கு மேல் என்றால் மேலே போங்கள். அறை பதிவு செய்யும் முன் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வாசல் வரை கார் வருமா, இல்லையென்றால் எத்தனை படி? நான் கேட்கவில்லை. கிளம்பும் நாள் டாக்ஸி முனையிலேயே நின்றுவிட்டது. நாற்பத்திரண்டு படி, மூன்று சக்கரப் பெட்டி. அம்மா முன்னால் நடந்தாள், கையில் அந்தத் துளசிக் கொத்து மட்டும்.