பினால்ப்தலீனா, மெத்தில் ஆரஞ்சா?

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் அமில-காரத் தரம் பார்த்தலுக்கு, அதாவது ஒரு கரைசலில் அமிலமோ காரமோ எவ்வளவு என்று மற்றதைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளப்பதற்கு, எந்த நிறங்காட்டியை (முடிவை நிறமாற்றத்தால் காட்டும் பொருளை) எடுப்பது என்பதைப் பலரும் மனப்பாடமாகவே வைத்திருக்கிறார்கள். அமில-காரத் தன்மையின் அளவான பி.எச். எந்த இடத்தில் தாவுகிறது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தவருக்கு அந்த மனப்பாடம் தேவைப்படாது.

பினால்ப்தலீன் பி.எச். 8.3 வரை நிறமற்றிருந்து 10-க்குள் இளஞ்சிவப்பாகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிறது. இரண்டுமே நடுநிலைக்குரிய 7-ஐத் தொடுவதில்லை. ஆனாலும், 25 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அதே செறிவுள்ள எரிசோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலைச் சேர்க்கும்போது, 24.95 மி.லி.யில் ஏறத்தாழ 4 ஆக இருக்கும் பி.எச். 25.05 மி.லி.யில் 10-ஐ எட்டிவிடுகிறது. இரண்டே சொட்டில் ஆறு அலகுகள் ஏறிவிடுவதால், எந்தப் புட்டியை எடுத்தாலும் விடையில் வேறுபாடு தெரியாது. இங்கே நான் பினால்ப்தலீனையே எடுப்பேன், ஏனெனில் நிறமற்ற கரைசலில் தோன்றும் இளஞ்சிவப்பைப் பழகாத கண்ணும் பிடித்துவிடும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து அந்த நிறம் மெல்ல மறையும் என்பதால், அரை நிமிடம் நிலைத்தாலே முடிவுநிலை எனக் கொள்ள வேண்டும்.

அசிட்டிக் அமிலம் வந்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. விளையும் சோடியம் அசிட்டேட் நீராற்பகுப்படைந்து கரைசலைச் சற்றே காரமாக்குவதால் சமானப் புள்ளி, அதாவது அமிலமும் காரமும் சரிக்குச் சரியாகத் தீரும் இடம், பி.எச். 8.7 அளவில் அமைகிறது. பினால்ப்தலீன் நிறம் மாறும் எல்லையும் அதுதான். மெத்தில் ஆரஞ்சோ, 25 மி.லி. காரம் தேவைப்படும் அதே சோதனையில் ஏழெட்டு மி.லி.யிலேயே மஞ்சளாகிவிடும், அதுவும் சட்டென்று மாறாமல் படிப்படியாக மாறுவதால், பியூரெட்டில் எந்த அளவைக் குறிப்பது என்றே தெரியாது.

அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்க்கும்போது சமானப் புள்ளி 5.3 அளவுக்கு இறங்குவதால், பினால்ப்தலீன் முந்திக்கொண்டு நிறமிழக்கிறது. மெத்தில் ஆரஞ்சு பொருந்தும், மெத்தில் சிவப்பு இன்னும் நன்றாகப் பொருந்தும்.

எரிசோடாவும் சோடியம் கார்பனேட்டும் கலந்த கரைசலுக்கு இரண்டு நிறங்காட்டிகளுமே வேண்டும். முதலில் இட்ட பினால்ப்தலீனின் நிறம் மறையும்போது எரிசோடா முழுவதும் நடுநிலையாகி, கார்பனேட் பைகார்பனேட்டாகி நிற்கிறது. பிறகு மெத்தில் ஆரஞ்சை இட்டுத் தொடர்ந்தால் அந்தப் பைகார்பனேட்டும் தீர்கிறது. இரண்டாம் கட்டத்தில் செலவான அமிலத்தை இருமடங்காக்கினால் கார்பனேட்டுக்குரிய அளவும், அதை மொத்தத்திலிருந்து கழித்தால் எரிசோடாவுக்குரிய அளவும் கிடைத்துவிடும்.