ஆர்டி 350: பிளாக்கை இறக்குவதா, ஹெட்டைச் சீவுவதா?

யமஹா ஆர்டி 350-இன் இந்திய வடிவமாக எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் செய்த இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்கான ராஜ்தூத் 350-ஐ இன்றைக்குப் பிரித்துச் சேர்ப்பவர்களுக்கு உதிரி பாகம் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ஒரு பிளாக் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) புதுப்பேட்டையில், ஒரு பிஸ்டன் டெல்லியிலிருந்து கூரியரில், ஹெட் (பிளாக்கின் மேல் மூடி) நண்பர் வீட்டுப் பரணில். இப்படிச் சேர்த்த இன்ஜினில் இரண்டு சிலிண்டரும் ஒரே மாதிரி உட்காராது. அதைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

என் வண்டியில் வலது பக்கம் சீஸ் ஆனது, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி நின்றது. வேலை பார்த்த இடத்தில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் 0.50 மி.மீ. ஓவர்சைஸ் போரிங் போட்டு, அதாவது போர் எனும் சிலிண்டர் துளையை அந்த அளவுக்குப் பெரிதாக்கி, ஏதோ ஒரு உள்ளூர் பிஸ்டனை மாட்டினார்கள். சாலை முழுக்க வலது சிலிண்டர் சோம்பலாகவே வந்தது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை வீட்டில் வைத்து அளந்தேன். ஹெட் பாக்கிங்கோடு (கேஸ்கெட்) நட்டை முழுசாக முறுக்கி, 3 மி.மீ. ஈயக் கம்பியை பிளக் ஓட்டை வழியாக பிஸ்டனின் குறுக்குத் தண்டு (பிஸ்டன் பின்) கிடக்கும் இட-வலத் திசையில் விட்டு, கிக்கரை மெல்லச் சுற்ற வேண்டும். முன்பின் திசையில் விட்டால் பிஸ்டன் சாய்ந்து பொய்க் கணக்குக் கொடுக்கும். நசுங்கிய நுனி இடதில் 1.6, வலதில் 2.2. இந்த இன்ஜினில் கம்பெனி இடைவெளியே தாராளம்தான், அதனால் எண்ணைவிட வித்தியாசம்தான் கவலை. 64 மி.மீ. போரில் 0.6 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 2 சிசி அதிகக் காலி இடம்.

இந்த 0.6-ஐ மேலிருந்தும் எடுக்கலாம், கீழிருந்தும் எடுக்கலாம். பலரும் சொல்வது மேலே: "ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவிடுங்க சார், முடிஞ்சுது." செலவு குறைவு, ஒரு மணி நேர வேலை. ஆனால் இந்த ஹெட்டின் உள்விளிம்பு சரிவாக இருக்கிறது. முகத்தைச் சீவச் சீவ அதன் வாய் குறுகும். போரோ 64.5 ஆகியிருக்கிறது. லேத்காரர் சரிவையும் சேர்த்து வெட்டாவிட்டால் விளிம்பு போருக்குள் எட்டிப் பார்க்கும். சூடேறினால் முதலில் பழுக்கும் இடம் அதுதான்.

கீழே என்றால் பிளாக் அடியில் இருக்கும் பாக்கிங்கை மெல்லியதாக மாற்றி பிளாக்கையே இறக்குவது. 0.5-ஐ எடுத்துவிட்டு 0.2 போட்டால் 0.3 கிடைக்கும். மிச்சம் 0.3 அப்படியே நிற்கும். பாதி வைத்தியம்.

எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பிளாக்கின் மேல் முகத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று டெப்த் கேஜில் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் கோளாறு ஹெட்டில், சீவுங்கள். எனக்கு வலது பிஸ்டன் சரியாக 0.6 கீழே நின்றது. அப்புறம் சைலன்சரைக் கழற்றி, பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் (புகை வெளியேறும் சிலிண்டர் ஜன்னல்) டார்ச் அடித்தேன். இடதில் பிஸ்டன் தலை போர்ட்டின் அடிவிளிம்போடு சமம். வலதில் விளிம்புக்குக் கீழே ஒரு கோடு அளவுக்குச் சுவர் பளபளத்தது. குறுக்குத் தண்டுத் துளையிலிருந்து தலை வரை அந்த பிஸ்டனே குட்டை.

குட்டை பிஸ்டனால் வரும் கேடு ஹெட் இடைவெளியோடு நிற்காது. 54 மி.மீ. ஸ்ட்ரோக்கில் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 0.6 இறங்கினால் எக்ஸாஸ்ட், கிராங்க் சுற்றில் ஏறக்குறைய ஒன்றேகால் டிகிரி முன்னாடி திறந்து அதே அளவு பின்னாடி மூடும். புதுக் கலவை உள்ளே வரும் டிரான்ஸ்பர் போர்ட்டில் இன்னும் கொஞ்சம் அதிகம். ஹெட்டைச் சீவினால் அழுத்தம் சமமாகும், போர்ட் நேரம் கோணலாகவே இருக்கும். பிளாக்கை இறக்கினால் இரண்டும் சேர்ந்து திருந்தும். அதனால் குட்டை பிஸ்டனுக்கு லேத் மருந்தல்ல என்பது என் கட்சி. நெட்டை பிஸ்டன் வந்து ஹெட்டில் முட்டினாலும் இதே கணக்குதான், அப்போது அடிப் பாக்கிங்கைக் கனமாக்குவது நியாயம்.

பிளாக்குக்குள் ஸ்லீவ் (புது உள் குழாய்) போடுவது இன்னொரு வழி. ஸ்டாண்டர்ட் அளவுக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்லீவின் மேல் உதடு துளி எழும்பி நின்றாலும் ஹெட் அதன்மேல் ஆடும், போர்ட் ஜன்னல்கள் விலகினால் அடுத்த தலைவலி. பிளாக் வெடித்திருந்தால் ஒழிய நான் போகமாட்டேன்.

கடைசியில் செலவான வழிக்கே போனேன். ஒரே பெட்டியிலிருந்து 0.50 ஜோடி பிஸ்டன், இடது பிளாக்குக்கும் போரிங். நன்றாக இருந்த போரை வெட்டுகிறாயே என்று திட்டு விழுந்தது. போர் அளவுக்காக அதைச் செய்யவில்லை. ஒரு பக்கம் மட்டும் 0.50 என்றால் வித்தியாசம் 3 சிசிகூட இல்லை, ஓட்டிவிடலாம். பிஸ்டன் உயரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்குத்தான் ஜோடி. போர்ட் விளிம்புகளை மழுக்கித் தரச் சொல்லி நின்று வாங்கினேன், இல்லாவிட்டால் ரிங் மாட்டி உடையும். மாட்டும்போது அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், ரிங் வாய், பிஸ்டன் பள்ளத்தில் ரிங் சுழலாமல் நிறுத்தும் ஊசிமேல். பிளாக் இறங்க அடம்பிடித்தால் சுத்தியலைத் தேடாதீர்கள், ஊசியைத் திரும்பப் பாருங்கள்.

மறுபடி ஈயக் கம்பி விட்டேன்: 1.6, 1.65. முதல் 300 கிலோமீட்டருக்குப் பிறகு நட்டுகளை ஆறவிட்டு முறுக்கியதில் வலது பின்பக்க நட்டு ஒன்று மட்டும் கால் சுற்று போனது.